பழக்கத்தை வெல்லும் வழி – 9: பின்வாசலை அடைத்தவர்கள்

சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொல்பவரின் வீட்டில் பல சமயம் ஒரு பாக்கெட் பத்திரமாக இருக்கும். பீரோவுக்கு மேலே, பழைய பையின் உள்ஜிப்பில், பைக் டேங்க் கவரில். 'ஒரு அவசரத்துக்கு' என்று வைத்தது. அலுவலகத்தில் ஒரு சண்டை, வீட்டில் ஒரு வாக்குவாதம் போதும், அவசரம் வந்துவிடும்.

இந்தப் பின்வாசலை அடைத்தால் என்ன ஆகும் என்பதைப் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் ஒரு வங்கி 2006-ல் சோதித்துப் பார்த்தது. பொருளாதார அறிஞர்கள் சேவியர் ஜினே, டீன் கார்லன், ஜொனாதன் ஜின்மன் வகுத்த திட்டம் அது. புகைப்பவர் 50 பெசோ போட்டு ஒரு கணக்கு தொடங்க வேண்டும். சிகரெட்டுக்குப் போகிற காசை அதில் போட்டுக்கொண்டே வரலாம். வட்டி கிடையாது, இடையில் எடுக்கவும் முடியாது. ஆறு மாதம் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை. அதில் தேறினால் பணம் முழுவதும் கைக்கு வரும். தேறாவிட்டால் மொத்தமும் தர்மத்துக்குப் போய்விடும்.

கையெழுத்துப் போட்டவர்கள் நூற்றுக்கு 11 பேர்தான்.

போட்டவர்களோ விளையாட்டாகப் போடவில்லை. சராசரியாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பணம் கட்டினார்கள். ஆறு மாத முடிவில் ஒருவர் பணயம் வைத்திருந்த தொகை சுமார் 550 பெசோ. அவர்களின் மாத வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அது. ஒவ்வொரு தவணையும் கட்டக் கட்ட, பழைய பழக்கத்துக்குத் திரும்புவதன் விலையும் ஏறிக்கொண்டே போனது. பலர் தோற்றுப் பணத்தை இழந்தார்கள். ஆனாலும் திட்டம் எடுத்துச் சொல்லப்படாத குழுவோடு ஒப்பிட்டால், சொல்லப்பட்ட குழுவில் தேறியவர்கள் நூற்றுக்கு 3 பேர் கூடுதல். பெரும்பாலோர் கணக்கே தொடங்காத குழுவில் இந்த 3 பெரிய எண். பன்னிரண்டாம் மாதம் முன்னறிவிப்பின்றி மறுபடி சோதித்தபோதும் அந்த வித்தியாசம் குறையவில்லை. அதற்குள் பணயம் முடிந்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

2015-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டியது. சி.வி.எஸ். மருந்துக்கடை நிறுவனத்தின் ஊழியர்கள், அவர்களின் உறவினர், நண்பர்கள் என 2,538 பேர் அதில் கலந்துகொண்டனர். ஒரு பிரிவினருக்கு, புகைப்பதை விட்டால் 800 டாலர் வரை பரிசு. இன்னொரு பிரிவினர் முதலில் சொந்தப் பணம் 150 டாலரைக் கட்ட வேண்டும். ஜெயித்தால் அதோடு 650 டாலர் சேர்ந்து வரும், தோற்றால் கட்டியது போச்சு. பரிசுக்கு 90 சதவீதம் பேர் தலையாட்டினார்கள். சொந்தக் காசைக் கட்ட முன்வந்தவர்கள் 13.7 சதவீதமே. அதனால் மொத்தக் கணக்கில் பரிசுத் திட்டம்தான் முந்தியது. ஆனால் எந்தத் திட்டம் கொடுத்தாலும் ஏற்கக்கூடியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், சொந்தப் பணத்தைப் பணயம் வைத்தவர்களே அதிகம் ஜெயித்தார்கள். வரப்போகிற பரிசைவிடக் கையைவிட்டுப் போகிற காசுதான் மனிதர்களை அதிகம் உலுக்குகிறது.

ஆகவே சிக்கல் மருந்தில் இல்லை, அதை வாயில் போடும் துணிவில் இருக்கிறது. 150 டாலர் என்றதும் பின்வாங்குகிற மனிதருக்கு 50 பெசோ எட்டுகிற தூரம். சிறிதாகத் தொடங்கி, தவணைக்குத் தவணை கதவை இறுக்குவது பலருக்கும் கைகூடக்கூடிய வழி.

அடைக்க வேண்டியது தப்பிக்கிற வழியை மட்டும்தான். மருத்துவர், நிகோட்டின் சூயிங் கம், கூட நிற்கிற மனைவி, நண்பர் எல்லாம் பிடிமானங்கள். அவற்றை விடவே கூடாது. பழக்கம் மதுவாக இருந்தால், பல வருடம் அளவு மீறிக் குடித்தவர் மருத்துவரைக் கேட்காமல் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வைராக்கியத்தின் பெயரால் அங்கே விளையாடக் கூடாது.

நம் ஊரிலும் இந்த ஏற்பாடு உண்டு. சபரிமலைக்கு மாலை போட்டவரிடம் யாரும் சிகரெட் நீட்ட மாட்டார்கள். தெருவே அவரை 'சாமி' என்று அழைக்கும்போது டாஸ்மாக் பக்கம் ஒதுங்குவது எளிதல்ல. ஒரு மண்டலம் முழுக்க ஊரே காவல் நிற்கிறது. ஆனால் மாலையைக் கழற்றும் தேதி முதல் நாளே தெரியும். கழற்றிய வாரமே பழைய கடைக்குப் போகிறவர்களும் உண்டு, அத்தோடு விட்டவர்களும் உண்டு. அந்த இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)