துப்புத் துலக்கிய பாசி!

மரத்தில் படரும் பாசி துப்புத் துலக்குமா? துலக்கியது! அமெரிக்காவில் உள்ள போர்ட்லண்ட் நகரில் இது நடந்தது.

வேர் இல்லை!

பாசிக்கு வேர் கிடையாது. மழையிலும் காற்றிலும் வருவதையே உடம்பு முழுவதாலும் உறிஞ்சி உயிர் வாழ்கிறது. காற்றில் உலோகத் தூசி கலந்திருந்தால், அதுவும் பாசியில் தங்கிவிடும்.

2013-ம் ஆண்டு டிசம்பர் மாதம், அரசாங்க வனத்துறை விஞ்ஞானிகள் நகரில் 346 இடங்களில் மரப்பாசியைச் சேகரித்தார்கள். சோதித்துப் பார்த்தபோது, இரண்டு இடங்களில் "காட்மியம்" என்ற உலோகம் மிக அதிகமாக இருந்தது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும்.

அந்த இடங்களுக்குப் பக்கத்தில் இருந்தவை என்ன? வண்ணக் கண்ணாடித் தொழிற்சாலைகள்! கண்ணாடிக்கு நிறம் ஏற்ற, அங்கே காட்மியம் சேர்த்து உருக்கினார்கள்.

49 மடங்கு!

2015-ம் ஆண்டு அக்டோபரில், ஒரு தொழிற்சாலை அருகே கருவி வைத்துக் காற்றைச் சோதித்தார்கள். மாநில அரசாங்கம் குறித்த அளவைப்போல 49 மடங்கு காட்மியம் இருந்தது! 2016 பிப்ரவரியில் செய்தி வெளிவந்ததும், பெற்றோர்கள் பதறினார்கள். இரண்டு தொழிற்சாலைகளும் காட்மியம் சேர்ப்பதை நிறுத்தின.

ஊர் முழுவதும் கருவி வைக்க ஏராளமான பணம் வேண்டும். பாசியோ சம்பளம் வாங்காத காவல்காரன்!