காந்தம் ஒட்டினால் போலியா?

செமினியிலிருந்து நம் அரங்கிற்கு வந்திருந்த ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, பிரிக்பீல்ட்ஸில் எவர்சில்வர் டிபன் கேரியர் வாங்கினேன். விளிம்பில் காந்தம் லேசாக ஒட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?"

அவசரப்பட வேண்டாம் அம்மா. 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல் கலந்த எஃகுத் தகட்டில் பொதுவாகக் காந்தம் ஒட்டாது. அதைச் சூடாக்காமல் அழுத்திப் பாத்திரமாக்கும்போது அணுக்களின் அடுக்கு குலைந்து, ஒரு பகுதி 'மார்ட்டென்சைட்' எனும் கடின வடிவமாகிறது. காந்தம் இழுப்பது அதைத்தான்.

இதனால் எஃகின் வலிமை கூடும். ஆனால் வளைந்துகொடுக்கும் குணம் குறையும். மேலும் மேலும் அழுத்தினால் விரிசல் விடும். இதற்கு மருந்துதான் அனீலிங். சுமார் 1050 பாகை செல்சியசில் சூடாக்கி விரைவாகக் குளிரவைத்தால் எஃகு மீண்டும் இளகும். தமிழ்நாட்டின் சேலம் உருக்காலை 1981 முதல் தகடு உருட்டுவதிலும் இந்தப் பக்குவம் உண்டு.

இளகிய தகடு 40 விழுக்காட்டுக்கு மேல் நீளும். முழுதும் கடினமாக்கியதோ கூடுதல் வலிமை பெற்றாலும் சில விழுக்காடே நீளும்.

இரண்டும் வேண்டுமா? நன்றாக உருட்டியபின், குறைந்த வெப்பத்தில் சிறிது நேரம் மட்டும் சூடாக்குகிறார்கள். உள்ளே படிகங்கள் மிக நுண்ணியதாக அமைந்து, உறுதியும் நெகிழ்வும் சேர்ந்து வருகின்றன.

ஆகவே விளிம்பில் லேசாக ஒட்டினால் கவலை வேண்டாம். பாத்திரம் முழுவதும் பலமாக ஒட்டினால், அது பெரும்பாலும் நிக்கல் இல்லாத வகை. அதுவும் எவர்சில்வர்தான், ஆனால் விலை குறைவாக இருக்க வேண்டும். கடைக்காரரிடம் தரத்தைக் கேட்டு வாங்குங்கள்!