நார்ட்டன் கமாண்டோவின் அதிர்வுத் தணிப்பு முறை

நார்ட்டன் கமாண்டோ என்பது 1967ஆம் ஆண்டு லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான பிரித்தானிய மோட்டார் சைக்கிள் ஆகும். எஞ்சினின் அதிர்வைக் குறைப்பதற்குப் பதிலாக, அது ஓட்டுநரை எட்டாமல் தடுக்கும் 'ஐசோலாஸ்டிக்' என்ற அமைப்பு இதன் சிறப்பு. ஸ்டெஃபான் பாவர் தலைமையில் பெர்னார்ட் ஹூப்பர், பாப் டிரிக் ஆகிய பொறியாளர்கள் இதை உருவாக்கினர்.

இதன் இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் இரு பிஸ்டன்களும் ஒன்றாகவே மேலேறி ஒன்றாகவே கீழிறங்கும். ஆகவே ஒன்றின் உலுக்கலை மற்றொன்று ஈடு செய்வதில்லை. கிராங்க் தண்டில் எதிர் எடை சேர்க்கலாம். ஆனால் மேல்-கீழ் விசையை முழுவதும் ஈடு செய்யும் அளவுக்குச் சேர்த்தால், அதே அளவு விசை முன்-பின்னாகத் தோன்றும். எதிர் எடையால் அதிர்வின் திசையை மாற்றலாம், அதிர்வை ஒழிக்க முடியாது. மேலும் இவ்விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வது. எஞ்சின் சுழற்சி இரட்டித்தால் உலுக்கல் நான்கு மடங்காகும். 1940களின் இறுதியில் 497 கன செ.மீ. கொள்ளளவில் வந்த இந்த எஞ்சின் வகை, 1960களில் அட்லஸ் வண்டியில் 745 கன செ.மீ.ஆக வளர்ந்தபோது, நீண்ட தூரம் ஓட்டுபவரின் கைகள் மரத்துப் போயின.

எஞ்சினை மட்டும் ரப்பரில் தொங்கவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அப்படிச் செய்தால் எஞ்சின் அசையும்போது பின்சக்கரத்துக்குச் செல்லும் செயினின் நேர்கோடு கெடும். கமாண்டோவில் எஞ்சின், கியர்ப்பெட்டி, பின்சக்கரத்தைத் தாங்கும் கை ஆகிய மூன்றும் ஒரே தொகுதியாகப் பிணைக்கப்பட்டு, அத்தொகுதி முழுவதும் ரப்பர் தாங்கிகள் வழியாகச் சட்டகத்தோடு இணைக்கப்பட்டது. செயினின் இரு முனைகளும் ஒரே தொகுதியில் இருப்பதால் அவை சேர்ந்தே அசைகின்றன. எளிய யோசனைதான், ஆனாலும் வியக்கத்தக்கது.

ரப்பரில் தாங்கப்பட்ட எந்தப் பொருளுக்கும் ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. எஞ்சினின் அதிர்வெண் அதைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டிய பிறகே ரப்பர் அதிர்வைத் தணிக்கத் தொடங்கும். அதனால்தான் நின்ற நிலையில் மெதுவாக ஓடும் கமாண்டோவின் முன்சக்கரம் கண்ணுக்குத் தெரியும்படி குதிக்கிறது; வேகம் கூடியதும் வண்டி அமைதியாகிறது. முதன்முறை பார்ப்பவர் இதைக் கோளாறு என்றே எண்ணுவார்.

இவ்வமைப்பில் ஓட்டுநர் அக்கறை கொள்ள வேண்டியது பக்கவாட்டு இடைவெளியே. தொகுதி மேல்-கீழாகவும் முன்-பின்னாகவும் அசையலாம். பக்கவாட்டில் அசைந்தால் பின்சக்கரமே திசை மாறும். வளைவுகளில் வண்டி நெளியும், அது ஆபத்து. எனவே தாங்கிகளின் பக்கங்களில் மெல்லிய தகடுகளை வைத்து இடைவெளியைச் சுமார் 0.25 மி.மீ. அளவுக்குக் கட்டுப்படுத்துவர். மூன்று நோட்டுத் தாள்களை அடுக்கினால் வரும் தடிமன் அது. இதைவிட மிகவும் இறுக்கினால் ரப்பர் வேலை செய்யாமல் அதிர்வு மீண்டும் கைப்பிடிக்கு வரும். பழைய கமாண்டோ அதிர்கிறது என்றால் எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் இந்த இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து பார்ப்பதே முறை. துருவும் சேறும் இடைவெளியை அடைத்திருப்பதும் உண்டு.

தொடக்ககால வண்டிகளில் தகடு மாற்றத் தாங்கியையே கழற்ற வேண்டியிருந்ததால் பலர் இவ்வேலையைத் தள்ளிப்போட்டனர். 1975இல் வந்த மார்க் 3 வகையில் திருகு மரையுள்ள சரிசெய்யும் வளையம் பொருத்தப்பட்டது. அவ்வளையத்தைப் பழைய வண்டிகளிலும் இன்று பொருத்திக்கொள்கின்றனர்.