கடலுக்கும் ஒரு பாஸ்புக்!

கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மெரினா சுண்டலோடு சரி. படித்தது பி.காம். ஆனால் வரவு செலவு என்று யாராவது பேச்செடுத்தால் காது தானாக நிமிர்ந்துவிடும். 'கடலின் கார்பன் கணக்கு' என்று எங்கோ கண்ணில் பட்டதும் விடாமல் உள்ளே புகுந்தேன். போன இடத்தில் விஞ்ஞானிகளோடு பள்ளிக்கூடத்துப் பசங்களும் உட்கார்ந்திருந்தார்கள்!

விஷயம் இதுதான். பைக், பஸ், கரண்ட் என்று நாம் வருஷம் முழுக்க ஊதித் தள்ளும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. பூமியில் கூடுதலாகச் சேர்ந்திருக்கும் வெப்பத்தில் 90 சதவிகிதத்துக்கு மேல் அதன் தலையில்தான். இந்த பாங்க்கின் பெரிய பிராஞ்ச், அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென் பெருங்கடல். ஆனால் குளிர்காலத்தில் அந்தப் பக்கம் கப்பல் போவதே அபூர்வம். அத்தனை புயல், அத்தனை பனி. பல மாசத்துக்கு லெட்ஜர் காலி!

அதை நிரப்பத்தான் 2014-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைத் தலைமையிடமாக வைத்து 'சோகாம்' என்ற திட்டம் ஆரம்பமானது. தானே மூழ்கித் தானே எழும் மிதவைகளைக் கடலில் இறக்கினார்கள். 2020-ல் 'கோ-பிஜிசி' என்று அதன் தம்பித் திட்டம். உலகக் கடல்கள் பூராவும் 500 மிதவைகள் விடுவது என்று.

மிதவை என்றதும் தூண்டில் தக்கையை நினைக்காதீர்கள். நீளமான சிலிண்டர், தலையில் ஆன்டெனா. உள்ளே கொஞ்சம் எண்ணெய். அதை பம்ப் பண்ணி வெளிப்பையில் தள்ளினால் உடம்பு உப்பும், எடை ஏறாது. ஆகவே மேலே வரும். எண்ணெயை உள்ளே இழுத்தால் மூழ்கும். 1000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போய்க்கொண்டே இருந்துவிட்டு, பத்து நாளைக்கொரு தடவை 2000 மீட்டருக்கு இறங்கும். அங்கிருந்து மேலே வருகிற வழியெல்லாம் வெப்பம், உப்பு, ஆக்ஸிஜன், நைட்ரேட், அமிலத்தன்மை என்று அளந்து, சாட்டிலைட்டுக்கு அனுப்பிவிட்டு மறுபடி முங்கிவிடும். பத்து நாளைக்கு ஒரு என்ட்ரி! மேலே பனிக்கட்டி மூடியிருக்கிறது என்று தண்ணீரின் குளிரை வைத்தே மோப்பம் பிடித்தால், முட்டிக்கொள்ளாமல் திரும்பிவிடும். பனி விலகிய பிறகு, சேர்த்து வைத்த கணக்கை ஒப்பிக்கும். (மெடிக்கல் லீவு முடிந்து வரும் ஆபீஸ் அன்பர்கள் கவனிக்க.)

இந்த மிதவையை ஒரு வகுப்பு தத்தெடுத்துக்கொள்ளலாம். பைசா செலவில்லை. டீச்சர் எழுதிக் கேட்கிறார், பிள்ளைகள் பேர் வைக்கிறார்கள். கப்பலில் போகிற விஞ்ஞானி அந்தப் பேரை மிதவையின் உடம்பில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுக் கடலில் இறக்குகிறார். (நம்ம ஊராக இருந்தால் ரஜினியா, விஜய்யா என்று அடிதடி நடந்து, கடைசியில் கரஸ்பாண்டென்ட்டின் பேத்தி பேரை வைத்திருப்போம்.) அப்புறம் அது எங்கே இருக்கிறது, என்ன அளந்தது என்று வகுப்பிலிருந்தே பார்க்கலாம். விஞ்ஞானிக்கு கிராஃப் போடத் தெரியும். பையன் எந்த இடத்தில் கொட்டாவி விடுவான் என்பது டீச்சருக்குத்தானே சார் தெரியும்? அதனால் பாடம் தயாரிப்பதில் இருவருக்கும் பங்கு.

சும்மா பொழுதுபோக்கு என்று நினைக்கவேண்டாம். ப்ளஸ் டூவில் என் நண்பன் சயன்ஸ் குரூப். சால்ட் அனாலிசிஸ் என்றால் என்ன உப்பு என்பது லேப் அட்டெண்டருக்கு முன்பே தெரியும், பத்து ரூபாயில் நண்பனுக்கும் தெரிந்துவிடும். விடை தெரிந்த கேள்விக்குப் பரீட்சை!

இங்கே விடை விஞ்ஞானிகளுக்கே தெரியாது. 2018-ல் இந்த மிதவைகளின் குளிர்காலக் கணக்கைப் பார்த்தவர்கள், 'தென் பெருங்கடல் நினைத்த அளவு வாயுவை வாங்கவில்லை, குளிர்காலத்தில் நிறையத் திருப்பிக் கக்குகிறது' என்றார்கள். 2021-ல் விமானத்திலிருந்து காற்றை அளந்தவர்கள், 'இல்லை, நன்றாகவே வாங்குகிறது' என்றார்கள். பாங்க்கே திவாலா, இல்லை ஆடிட்டர் தப்பா? விஞ்ஞானிகள் மோதிக்கொள்கிற அந்தக் கேள்விக்கான எண்களை, ஏழாம் கிளாஸ் பையன் தான் பேர் வைத்த மிதவையிலிருந்தே கிராஃப் போட்டுப் பார்க்கலாம்.

நம் டீச்சர்களும் பார்க்கலாம். ஹைதராபாத்தில் உள்ள 'இன்காய்ஸ்' நிறுவனம் இந்தியப் பெருங்கடலில் இதே குடும்பத்து 'ஆர்கோ' மிதவைகளை விடுகிறது. உலகம் முழுக்க இப்படிக் கிட்டத்தட்ட நாலாயிரம். கணக்கெல்லாம் எல்லோருக்கும் இலவசம்.

ஒரே வருத்தம், இந்த மிதவையை யாரும் திரும்ப எடுத்து வருவதில்லை. நாலைந்து வருஷத்தில் பேட்டரி தீரும். ஒரு பத்தாம் நாள் என்ட்ரி வராது. பேர் வைத்த பையன் அப்போது பள்ளிக்கூடத்தை முடிக்கிற வயசில் இருப்பான்.