ஆறினால் ஓடும் கார்

ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார் திடீரென்று அணைந்துவிடும். ஓரங்கட்டி எத்தனை முறை செல்ஃப் அடித்தாலும் பிடிக்காது. இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், எதுவுமே நடக்காதது போலக் கிளம்பிவிடும். ஒர்க்‌ஷாப்பிலும் சமர்த்தாக ஓடிக் காட்டும். மெக்கானிக் பாவம், என்ன செய்வார்? "மறுபடி நின்னா கொண்டு வாங்க சார்" என்பார். இல்லையென்றால் "பெட்ரோல் பம்ப்பை மாத்திப் பார்ப்போம்" என்பார். பம்ப்பை மாற்றியவர்களில் பலர் அடுத்த மாதமும் அதே சாலையோரத்தில் நிற்கிறார்கள். இந்தக் கோளாற்றில் மர்மம் ஒன்றும் கிடையாது. தடயம் இருக்கும் நேரத்தை விட்டுவிட்டு, அது அழிந்த பிறகு தேடுகிறோம். வண்டி கிளம்ப மறுக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் விடை கிடைக்கும். அப்போது பக்கத்தில் இருப்பவர் ஓட்டுநர் மட்டுமே.

ஆறினால் ஏன் ஓடுகிறது? பழைய கார்களில் சூட்டுக்கு முதலில் பலியாவது பெரும்பாலும் மின்பாகங்கள்தான். செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறும். அது இயல்பு, அதனால் வண்டி நிற்காது. வயதான கம்பிச்சுருளில் மயிரிழை விரிசல் இருந்தாலோ, ரிலேயின் ஈயப் பற்றவைப்பு விட்டிருந்தாலோ, சூட்டில் விரியும்போது தொடர்பு அறுந்துபோகும், ஆறியதும் தானாக ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் சுழல்வதை வண்டியின் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார், இக்னிஷன் காயில், அதற்கான மாட்யூல் எல்லாம் இப்படி ஏமாற்றக்கூடியவை. ஆறிய பாகத்தை மீட்டர் வைத்துப் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்பது, காய்ச்சல் விட்டபின் தெர்மாமீட்டர் வைப்பது மாதிரி. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1983 முதல் 1995 வரையிலான பல மாடல்களில் இக்னிஷன் மாட்யூலைச் சூடேறும் டிஸ்ட்ரிபியூட்டர் மேலேயே பொருத்தியிருந்தது. ஓட்டத்தில் வண்டி அணைகிறது என்ற வழக்கில், கலிஃபோர்னியா நீதிபதி ஒருவர் 2000-ஆம் ஆண்டு, அம்மாநிலத்தில் ஏறத்தாழ 17 லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது.

"வெயில்தான் காரணம், பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்கிறது" என்று சொல்பவர்கள் உண்டு. அம்பாசிடர், பத்மினி காலத்தில் அது உண்மை. இன்ஜின் பக்கத்தில் இருந்த, ஏ.சி. பம்ப் எனப்பட்ட பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டு வண்டியைக் கிளப்பிய தலைமுறை அது. கார்பரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் இன்றும் அதைச் சந்தேகிக்கலாம். கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் பாயும் எம்.பி.எஃப்.ஐ. கார்களில் பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோல் சுமார் 3 பார் அழுத்தத்தில் வருகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். அதனால் அங்கே ஆவி அடைப்பு அரிது. ஆனால் அந்தப் பம்ப்பைக் குளிர வைப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். டேங்க் வற்றியிருக்கும்போது, நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு மட்டும் நின்றால் தேய்ந்த பம்ப்பின் மேல் சந்தேகம் வலுக்கும்.

சந்தேகத்தை எப்படி உறுதி செய்வது? முதல் சாட்சி, அணைந்த விதம். சாவியைத் திருப்பி நிறுத்தியது போல ஒரே நொடியில் செத்தால் பெரும்பாலும் மெக்கானிக்குகள் சொல்லும் "கரண்ட் வரல". இழுவை குறைந்து, திக்கித் திணறி நின்றால் "பெட்ரோல் வரல". அடுத்தது ஆர்.பி.எம். முள். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால், இன்ஜின் சுழல்கிறது, கணினிக்கு அந்தச் செய்தி மட்டும் போகவில்லை என்று பொருள். கிராங்க் சென்சாரையோ அதன் ஒயரையோ முதலில் பார்க்க வேண்டும். வண்டியை ஓரம் நிறுத்தியபின், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் வரை மட்டும் திருப்பிப் பின்சீட்டுப் பக்கம் காது கொடுங்கள். பல கார்களில் பம்ப் இரண்டு விநாடி ரீங்கரிக்கும். சத்தமே இல்லையென்றால் பம்ப், ரிலே, ஃபியூஸ். பெட்ரோல் மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டு, வண்டியும் உடனே கிளம்பினால், அடைபட்டிருப்பது டேங்க்கின் காற்றுவழி. டேஷ்போர்டில் சாவி விளக்கு மின்னினால் அது சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர். இவ்வளவுக்கும் பானெட்டைத் திறக்கத் தேவையில்லை.

ஸ்கேனர் மாட்டினால் தெரியாதா என்று கேட்கலாம். கோட் பதிந்திருந்தால் நல்லது. ஆனால் நொடிப்பொழுது அறுந்து ஒட்டும் கோளாற்றைப் பல பழைய கணினிகள் பதிவதில்லை. கோட் இல்லை என்பது கோளாறு இல்லை என்பதற்குச் சான்றாகாது. சந்தேகப்படும் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே சிக்கனம் என்ற வாதமும் உண்டு. செலவைவிடப் பெரிய சிக்கல் அதில் இருக்கிறது. பாகத்தைக் கழற்றி மாட்டும்போது பச்சை பிடித்த கனெக்டர் சுத்தமாகி, வண்டி சில வாரம் ஒழுங்காக ஓடும். புதிய பாகம்தான் குணப்படுத்தியது என்று நம்பிவிடுவோம்.

"அதான் மறுபடி ஓடுகிறதே, பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான வாதம். இன்ஜின் அணைந்தால் பிரேக் பூஸ்டரில் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் பலம் மிச்சமிருக்கும். பவர் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் சில கார்களில் சாவிக்கொத்தின் கனத்தாலோ குலுக்கலாலோ இக்னிஷன் சுவிட்ச் தானே நழுவி இன்ஜினை அணைத்தது, ஏர்பேக்கும் செயலிழந்தது. சாவியைத் திருப்பினால் மறுபடி ஓடியது. நிறுவனத்தின் பொறியாளர்கள் அதை வாடிக்கையாளர் வசதி சார்ந்த குறை என்றே வகைப்படுத்தினார்கள். 2014-இல் 26 லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெற்றபின், இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124.

எனவே அடுத்த முறை நின்றால், விளக்குகளை மின்னவிட்டு ஓரங்கட்டி, சூடு ஆறுவதற்குள் மேலே சொன்னவற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை என்றால் முதலில் உங்கள் உயிர், பிறகு சோதனை. கரண்டா பெட்ரோலா என்று தெரியும்வரை எந்தப் பாகத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள்.