ஏஐ தொந்தரவு இல்லாத பிரவுசர்: எதைப் பார்த்துத் தேர்வது?

2026 பிப்ரவரியில் வெளியான ஃபயர்பாக்ஸ் 148-இன் அமைப்புகள் பக்கத்தில் ஏஐ வசதிகளை மொத்தமாகத் தடுக்கும் பொத்தான் ஒன்று சேர்ந்தது. அதை அழுத்தினால் பக்கவாட்டு சாட்பாட், லிங்க் முன்னோட்டம், டேப்களைத் தானாகத் தொகுப்பது, மொழிபெயர்ப்பு எல்லாம் அடங்கிவிடும். இனி வரப்போகும் ஏஐ வசதிகளுக்கும் அந்தத் தடை பொருந்தும் என்கிறது மொசில்லா. ஃபயர்பாக்ஸை ஏஐ பிரவுசராக வளர்க்கப்போவதாக அதன் புதிய தலைமைச் செயல் அதிகாரி 2025 டிசம்பரில் அறிவித்து, பயனர்கள் கொதித்தெழுந்த பிறகு வந்தது இது. பொத்தான் நல்லதுதான். ஆனால், பயனர் தேடிப்போய் அழுத்தும்வரை அது வேலை செய்யாது. ‘உங்கள் விருப்பம்’ என்று நிறுவனங்கள் சொல்வதற்கு, வேண்டாம் என்று சொல்லும்வரை இருக்கும் என்று பொருள். கேட்டால் மட்டும் வர வேண்டும் என்பதே பயனர் எதிர்பார்ப்பது.

ஏஐ என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் விற்கப்படுகின்றன. முதல் வகை, கணினிக்குள்ளேயே முடிந்துவிடுவது. 2023-இல் ஃபயர்பாக்ஸ் 118-உடன் வந்த மொழிபெயர்ப்பு அப்படிப்பட்டது. படிக்கும் பக்கத்தின் ஒரு வரிகூட வெளியே போவதில்லை. குரோம் இறக்கிக்கொள்ளும் ஜெமினி நானோ என்ற ஏஐ மாதிரியும் இந்த வகைதான். அதற்கு டிஸ்க்கில் 22 ஜிபி காலியிடம் இருக்க வேண்டும் என்று கூகுளின் ஆவணமே சொல்கிறது. ஆக அது தின்பது இடத்தையே. இரண்டாம் வகையில், திரையில் இருக்கும் எழுத்து ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த்தான் பதில் திரும்பி வரும். சாட்பாட் பட்டைகள் பெரும்பாலும் இப்படித்தான். பிரவுசரைத் தேர்ந்தெடுக்க உட்காருபவர் முதலில் கேட்க வேண்டியது, திறந்திருக்கும் பக்கத்தின் எழுத்து எங்கே போகிறது என்பதைத்தான்.

மூன்றாவதாக ஒரு வகை 2025-இல் வந்தது. பெர்பிளெக்சிட்டியின் காமெட், ஓபன்ஏஐயின் அட்லஸ் போன்றவை பக்கத்தைச் சுருக்கிச் சொல்வதோடு நிற்பதில்லை. பயனர் சார்பில் லிங்க்குகளைச் சொடுக்கும், படிவம் நிரப்பும், பொருள் வாங்கும். கவலைக்குரிய இடம் இதுதான்.

பிரவுசர்களின் பாதுகாப்பு 1995-இல் நெட்ஸ்கேப் கொண்டுவந்த ஒரு விதியின் மேல் நிற்கிறது: ஒரு தளத்தின் நிரல், இன்னொரு தளத்தில் இருப்பதைப் படிக்கக் கூடாது. ஒரு டேப்பில் வங்கிக் கணக்கும் பக்கத்து டேப்பில் முன்பின் தெரியாத தளமும் திறந்திருந்தும் பணம் பத்திரமாக இருப்பதற்கு இந்தச் சுவர் ஒரு முக்கியக் காரணம். பயனர் வேடத்தில் வேலை செய்யும் ஏஐக்கு இந்தச் சுவர் கிடையாது. பயனர் எந்தெந்தத் தளங்களில் லாகின் செய்திருக்கிறாரோ அங்கெல்லாம் அதுவும் நுழையலாம்.

அதோடு, மொழி மாதிரிகளுக்குப் படிக்க வேண்டிய எழுத்துக்கும் நிறைவேற்ற வேண்டிய கட்டளைக்கும் இடையே உறுதியான கோடு இல்லை. இரண்டும் ஒரே எழுத்தோடையாகத்தான் உள்ளே போகின்றன. மனுக்களை வாசித்துக் காட்ட அமர்த்தப்பட்ட எழுத்தர், மனுவில் எழுதியிருப்பதையே அதிகாரியின் உத்தரவு என்று எடுத்துக்கொண்டு பீரோவைத் திறந்துவிடுவது போன்றது இது.

2025 ஆகஸ்டில் பிரேவ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். ரெட்டிட் தளத்தில் ஒரு பின்னூட்டம். சொடுக்கினால் மட்டும் தெரியும்படி மறைக்கப்பட்ட பகுதிக்குள் சில கட்டளைகள். காமெட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்தவர் செய்தது, ‘சுருக்கிச் சொல்’ என்று கேட்டது மட்டுமே. ஏஐ மறைந்திருந்த கட்டளைகளைப் பின்பற்றியது. பயனரின் பெர்பிளெக்சிட்டி கணக்குக்குப் போய் மின்னஞ்சல் முகவரியை எடுத்தது, அந்த முகவரிக்கு ஓடிபி வரவழைத்தது, ஏற்கெனவே திறந்திருந்த ஜிமெயிலில் புகுந்து அந்த ஓடிபியைப் படித்தது, இரண்டையும் அதே ரெட்டிட் பக்கத்தில் பதிலாகப் போட்டது. பாஸ்வேர்டு திருடப்படவில்லை, வைரஸ் எதுவும் இறங்கவில்லை. அக்டோபரில் இன்னொன்றையும் காட்டினார்கள்: மஞ்சள் பின்னணியில் வெளிர்நீல எழுத்து. மனிதக் கண்ணுக்கு எளிதில் தெரியாத அது, ஸ்கிரீன்ஷாட்டைப் படிக்கும் ஏஐக்குத் தெரிந்தது.

பிரேவ் இந்தச் சந்தையில் போட்டியாளர், அதன் பிரவுசரிலும் லியோ என்ற ஏஐ இருக்கிறது என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். ஆனால் பிரச்சினை உண்மை என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. அட்லஸ் வெளியான அதே வாரத்தில், இது இன்னும் தீர்வு காணப்படாத சிக்கல் என்று ஓபன்ஏஐயின் பாதுகாப்புத் தலைவரே எழுதினார். முழுத் தீர்வு எப்போதுமே கிடைக்காமல் போகலாம் என்று பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் 2025 டிசம்பரில் எச்சரித்தது. ஏஐ வேண்டாம் என்பவரைப் புதுமைக்கு அஞ்சுபவர் என்று ஒதுக்குவது அதனால்தான் தவறு. அவர் கேட்பது பாதுகாப்பு.

பாதுகாப்பு என்ற இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வரிசை ஓரளவு தெளிவாகிறது. ஃபயர்பாக்ஸின் நிரலிலிருந்து பிறந்த லிப்ரவுல்ஃப், பயன்பாட்டுத் தகவலை அனுப்பும் பகுதிகளை நீக்கி, விளம்பரத் தடுப்பானான யூபிளாக் ஆரிஜினைச் சேர்த்தே வருகிறது. மூடியதும் குக்கிகளை அழித்துவிடுவதால் ஒவ்வொரு முறையும் லாகின் செய்ய வேண்டியிருக்கும். ஓடிடி தளங்களுக்குத் தேவையான டிஆர்எம் என்ற நகல் தடுப்பு வசதியையும் நாமேதான் இயக்க வேண்டும். டோர் பிரவுசர் 15.0, ஃபயர்பாக்ஸின் ஏஐ பகுதிகளைக் களைந்துவிட்டு வந்தது. நார்வேயின் விவால்டி, பேசும் ஏஐயையும் சுருக்கும் ஏஐயையும் சேர்ப்பதில்லை என்று 2025 ஆகஸ்டில் வெளிப்படையாகவே அறிவித்தது. ஆனால் அதன் பயனர் இடைமுகத்தின் நிரல் திறந்த மூலம் அல்ல. குரோமில் பழைய, முழு யூபிளாக் ஆரிஜினுக்கு 2025-இல் கதவு அடைக்கப்பட்டுவிட்டது. விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனம் விளம்பரத் தடுப்பானின் விதிகளை எழுதினால் இப்படித்தான் முடியும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் பார்க்க வேண்டியது. 2025 மே மாதம் அமெரிக்க நீதிமன்றத்தில் மொசில்லாவின் நிதி அதிகாரி சொன்ன கணக்கு: நிறுவன வருமானத்தில் சுமார் 90% ஃபயர்பாக்ஸ் தருவது, அதிலும் சுமார் 85% கூகுள் கொடுப்பது. அதே ஆண்டு பிப்ரவரியில், ‘உங்கள் தரவை ஒருபோதும் விற்க மாட்டோம்’ என்ற பழைய வாக்குறுதியை மொசில்லா தன் தளத்திலிருந்து எடுத்தது. சில இடங்களில் ‘விற்பனை’ என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் மிக விரிவானது என்று காரணம் சொன்னது. சட்டத்தின் கண்ணில் விற்பனை என்று கருதக்கூடிய ஏதோ ஒன்று நடக்கிறது என்பதைத்தான் அந்த விளக்கம் ஒப்புக்கொள்கிறது.

குக்கியை அழித்தாலும் அடையாளம் அழிவதில்லை. திரை அளவு, எழுத்துரு, நேர மண்டலம், மொழி ஆகியவற்றைச் சேர்த்து ஒரு பிரவுசரைத் தனியாக அடையாளம் காணலாம். அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010-இல் சோதித்த சுமார் 4.7 லட்சம் பிரவுசர்களில் 83.6% தனித்துவமாக இருந்தன. தமிழை முதல் மொழியாக அமைத்து, சில தமிழ் எழுத்துருக்களையும் நிறுவியவர் வெளிநாட்டுத் தளம் ஒன்றில் இன்னும் எளிதாகத் தனித்துத் தெரிவார். டோரும் முல்வாட் பிரவுசரும் இதற்கு எதிராக எல்லோரையும் ஒரே மாதிரி காட்டுகின்றன. அவற்றில் நீட்சிகளைச் சேர்த்தால் அந்த ஒற்றுமை கெடும்.

ஆண்ட்ராய்டில்? ஃபயர்பாக்ஸ் போட்டு, யூபிளாக் ஆரிஜின் சேர்த்து, ஏஐ அமைப்புகளை ஒருமுறை பார்த்துவிடலாம்.

ஐபோனில்? ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஜப்பானுக்கும் வெளியே எந்தப் பெயரில் நிறுவினாலும் உள்ளே ஓடுவது வெப்கிட் என்ற ஆப்பிளின் பிரவுசர் எஞ்சின்தான்.

இன்காக்னிட்டோ போதாதா? அந்த முறையில் உலாவியவர்களின் தரவு தொடர்பான வழக்கில் கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024-இல் கூகுள் ஒப்புக்கொண்டது.

விபிஎன்? ஐபி முகவரியை மறைக்கும். மேலே சொன்ன எதையும் மறைக்காது.

வங்கித் தளம் புதிய பிரவுசரில் திறக்காவிட்டால்? அதற்கென்று மட்டும் இன்னொரு பிரவுசரை ஏஐ வசதிகளை அணைத்து வைத்துக்கொள்ளலாம்.