ஆராய்ச்சியை அளப்பது எவ்வாறு?

ஓராண்டின் நெல் விளைவை முன்னாண்டு விளைவோடு ஒப்பிடும் கமக்காரன் மூடைகளை மாத்திரம் எண்ணி அமைவதில்லை. எத்தனை பரப்பு விதைத்தான் என்பதையும் நோக்குவான். அறிவுத்துறையின் விளைவை அளப்போர்க்கும் இது பொருந்தும்.

இத்தகைய அளவீட்டுக்கு வித்திட்டோருள் ஒருவர் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். நூலகத்துறையிற் கணித முறைகளைக் கையாளல் வேண்டுமென அவர் 1948 இல் எடுத்துரைத்தார். பின்னர் டெரெக் பிரைஸ் என்னும் அறிஞர், விஞ்ஞான வெளியீடுகள் ஏறத்தாழ 15 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன என 1963 இல் வெளிவந்த தம் நூலிற் காட்டினார். ஆயின் ஆராய்வோர் தொகையும் உடன் பெருகியதன்றோ?

ஆகவே முதல் விதி யாதெனில், வெளியீட்டுத் தொகையை ஆட்டொகையால் வகுத்தல் வேண்டும். ஒரு துறையில் முன்னர் 2 ஆசிரியர் 4 கட்டுரைகளும், பின்னர் 10 ஆசிரியர் 10 கட்டுரைகளும் எழுதினரெனின், மொத்தம் உயர்ந்தது. தலைக்கு 2 ஆக இருந்தது 1 ஆகக் குறைந்தது. ஐவர் கூடி எழுதிய ஒன்றை ஐந்தாக எண்ணுவதும் பொருந்தாது.

இரண்டாவது, குறுகிய கால எல்லை மயக்கந் தரும். விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்தாக்கிய யாழ்நூல் 1947 இல் வெளிவந்தது. ஆண்டுதோறும் எண்ணுவோமாயின், அடிகள் உழைத்த ஆண்டுகள் வெற்றாண்டுகளாகவே தோன்றும். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் பதிப்பித்த கலித்தொகை எண்ணிக்கையில் ஒன்றே. அதனாற் பயன்பெற்றோரோ எண்ணிலர்.

மூன்றாவது, பதிவில்லாதது கணக்கில் வாராது. உலக அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கில இதழ்களையே தொகுப்பதால், தமிழில் எழுந்த ஆய்வுகள் அவற்றில் அருகியே இடம்பெறுகின்றன. யாழ்ப்பாணத்துக்கு வேறொரு குறையும் உண்டு. 1974 இல் நான்காம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு ஈண்டு நடந்தது. அவ்வாண்டே பல்கலைக்கழக வளாகமும் தோன்றிற்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரியூட்டப்பட்டது. மீண்டும் பெறற்கரிய ஏடுகளும் அவற்றுள் அடங்கும். முன்னோர் எவ்வளவு எழுதினர் என எண்ணுதற்குரிய சான்றுகளும் உடன் அழிந்தன. ஆதலின், அதற்கு முற்பட்ட காலத்தின் கணக்குச் சிறிதாகத் தோன்றின், எழுதாமை காரணமோ எரிந்தமை காரணமோ என நாம் ஆராய்ந்தே முடிவு கூறல் வேண்டும்.

2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப் படிகளாகச் சேர்த்து வருகின்றது. பழைய மாணவர் வீடுகளிற் கிடக்கும் மலர்களும் சிறு பிரசுரங்களும் அங்குச் சேர்தல் நன்று. ஆண்டு, ஆசிரியர், பொருள் என்னும் மூன்றையும் குறித்து அவற்றை அட்டவணைப்படுத்தும் பணி மாணவர்க்கு உரியது. அதன் பின்னரே நாம் வளர்ந்தோமா தேய்ந்தோமா என்னும் வினாவுக்கு நேரிய விடை பகர இயலும்.